பாரிவாக்கத்து பைலட்

ஜீவாவுக்கு விமானி ஆகும் ஆசை வானத்தைப் பார்த்து வந்ததல்ல, பெட்டியைப் பார்த்து வந்தது. சக்கரம் வைத்த, கையால் இழுத்துக்கொண்டு போகிற கறுப்புப் பெட்டி. பிற்பாடு இதை அவனே பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். அந்தச் சமயத்தில் மட்டும் அது சிரிக்கிற விஷயமாக அவனுக்குத் தோன்றவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில், லாரிகளுக்கு பிரேக் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவன் தரப் பரிசோதகன். மெஷினிலிருந்து வரும் உருப்படியை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கரும் கோணலாக இருந்தால் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்ட வேண்டும். இதற்குத்தான் நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தோம் என்று நினைத்தால் அவனுக்கே தன் மேல் ஒரு மரியாதை பொங்கும். புனேயில் இருந்த ஒரு வாடிக்கையாளர், பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிக்குள் கோணல் சரக்காகவே இருக்கிறது என்று குதிக்க, நேரில் போய்த் திட்டு வாங்கிவிட்டு வரும்படி மேனேஜர் அழகேசன் ஜீவாவை விமானத்தில் அனுப்பினார். வாழ்க்கையில் முதல் விமானப் பயணம், போனது மன்னிப்புக் கேட்க.

மீனம்பாக்கத்தில் விமானம் தாமதம். ஆட்கள் தரையில் காலை நீட்டிக்கொண்டு, போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிடந்தார்கள். துடைப்பத்தோடு வந்த அம்மா எத்தனை முறை கேட்டும் ஒருவரும் காலை மடக்கவில்லை. அப்போது இரண்டு விமானிகள் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். எதுவும் கேட்கவில்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. அத்தனை காலும் தானாக மடங்கின. குமணன்சாவடி சிக்னலில் ஆம்புலன்சுக்குக்கூட அப்படி வழி கிடைத்து ஜீவா பார்த்ததில்லை. அவர்கள் போன பிறகும் அந்த வழி கொஞ்ச நேரம் திறந்தே கிடந்தது. இருந்தால் இப்படி இருக்க வேண்டும் என்று அவன் அங்கேயே முடிவுகட்டினான். விமானத்தில் ஏறியதும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, புனே வரை நன்றாகத் தூங்கினான். அதிலேயே ஆளை அடையாளம் கண்டிருக்கலாம், ஆனால் அவன் தன் விஷயத்தில் பரிசோதகன் அல்ல.

திரும்பி வந்ததும் குமணன்சாவடி டீக்கடையில் வைத்து கார்த்திகேசனிடம் சொன்னான். கார்த்திகேசன் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். இப்போது ஜங்ஷனில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருப்பவன். அவனிடம் எதையும் சொல்லக்கூடாது என்பது ஊருக்கே தெரியும்.

"மச்சான், பைலட்டுக்குப் படிக்கலாமான்னு யோசிச்சிகினு கீறேன்."

"செம மாமே," என்றான் கார்த்திகேசன். "மூஞ்சி செட்டாவும் உனக்கு."

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த மாதம் ஜீவாவின் அக்கா சுவேதாவின் மகளுக்குக் காதுகுத்து வந்தது. காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் கதாநாயகன். குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதும் அவன், தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுபோவதும் அவன், பேனரில் குழந்தையைவிடப் பெரிதாக நிற்பதும் அவன். அந்தப் பேனரில் மாமன் பெயருக்குக் கீழே ஏதாவது ஒரு பட்டம் இருந்தாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தில் ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் வட்டச் செயலாளர். இந்தப் பக்கம் 'தரப் பரிசோதகர்' என்று போட்டால் எடுபடாது என்று கார்த்திகேசன் தொழில்முறையில் முடிவெடுத்தான்.

விடிந்து பார்த்தால், பூந்தமல்லியிலிருந்து பாரிவாக்கம் திரும்புகிற முனையில் ஜீவா வெள்ளைச் சட்டையில், தோளில் தங்கப் பட்டையோடு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றான். முகம் அவனுடையது. கழுத்துக்குக் கீழே இருந்தது யாரோ வெள்ளைக்காரன், மணிக்கட்டில் பொன்னிற முடி வேறு. பின்னால் ஒரு விமானம் புறப்பட்டுக்கொண்டிருந்தது. 'தாய்மாமன் கேப்டன் V. ஜீவா B.E., பைலட்' என்று எழுத்துகள் மின்னின. 'யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்று அவன் சொன்னதற்குப் பேனரில் இடம் கிடைக்கவில்லை போலும்.

அன்றைக்கே அதைக் கழற்றச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனான். போகிற வழியில், இதுவரை அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காத பால் பூத்துக்காரர், "வாங்க கேப்டன்," என்றார். ஜீவாவின் நடை தானாக மாறியது. இழுக்கப் பெட்டி இல்லாத குறைதான். கார்த்திகேசன் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது, "கழுத்து கொஞ்சம் கலர் மேட்ச் ஆவல மச்சான்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினான். தன்னைப் போல் ஒரு அற்பனைத் தான் பார்த்ததில்லை என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டான். நினைத்தானே தவிர, வீட்டுக்கு வரும்போது வேண்டுமென்றே பால் பூத் வழியாகத்தான் வந்தான்.

பிறகு விஷயம் அவன் கையை விட்டுப் போயிற்று. ஊருக்கு அவன் பைலட், வீட்டுக்கு அதற்குப் படிக்கப் போகிறவன். சீர் வரிசையோடு மண்டபத்துக்குள் நுழைந்தபோது மைக்கில் இருந்தவன், "விமானி வருகிறார்," என்று அறிவித்தான். தூரத்துச் சொந்தம் ஒருவர், துபாய்க்குப் போகும் தன் மச்சினனுக்கு ஜன்னல் சீட்டு கிடைக்குமா என்று காதைக் கடித்தார். இரண்டு பெண் வீட்டார் ஜாதகம் கேட்டு அனுப்பினார்கள். அம்மா பொன்னியம்மா, பைலட்டுக்குக் கண் பார்வைதான் முக்கியம் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, தினமும் சாப்பாட்டு டப்பாவில் கேரட் பொரியல் வைக்க ஆரம்பித்தாள். மழையில் வண்டி எடுத்தால், "பைலட்டுக்குச் சளி புடிக்கக் கூடாதுடா," என்று வாசலை மறித்தாள். மேனேஜர் அழகேசன் பேனரைத் தாண்டித்தான் தினமும் வேலைக்கு வருகிறவர். அவர் ஒருநாள் கூப்பிட்டு, "எப்பப்பா ராஜினாமா பேப்பர் போடுற? சொன்னீன்னா ஆடிட்டுக்கு வேற ஆளத் தயார் பண்ணிடுவேன்," என்றார் சகஜமாக. பச்சை ஸ்டிக்கர் வேலைகூடக் கையை விட்டுப் போய்விடும் போலிருந்தது.

எல்லாவற்றையும்விட அவனை அசைத்தது அப்பா வீராசாமிதான். வயல் கூலி, செங்கல் சூளை, எஸ்டேட்டில் ஹெல்பர் என்று எல்லாம் பார்த்து முடித்து, இப்போது புதிதாக வந்த ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தோட்ட வேலை செய்பவர். திருநின்றவூர் ஏரிக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஒரு மனை உண்டு. அவர் பெயரில் இருக்கும் ஒரே மண் அதுதான். யாராவது கல்லை நகர்த்திவிடுவார்களோ என்று மாதம் ஒருமுறை ரயிலேறிப் போய், எல்லைக்கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். காதுகுத்து முடிந்த வாரம் அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "பயிற்சிக்கு நெறய ஆவுமாமே. மனைய குடுத்துர்லாம். புரோக்கராண்ட சொல்லிக்கினு வந்துட்டேன்."

ஜீவா பாதிச் சோற்றில் கை கழுவினான். இத்தனை நாள் பேனரில் இருந்தது வேடிக்கை, இப்போது அப்பாவின் மண் அதில் மாட்டிக்கொண்டது. இனி அவன் போயே ஆக வேண்டும், இல்லையென்றால் போகவில்லை என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இரண்டையும் செய்யாமல் தப்பிக்க ஒரு வழி இருக்கிறதா என்று யோசித்தான். இருந்தது. மருத்துவப் பரிசோதனை.

விமானப் பயிற்சிக்கு முன்னால் அதற்கென்று அங்கீகாரம் பெற்ற டாக்டரிடம் உடம்பைக் காட்டித் தேற வேண்டும். அதில் பத்தில் பாதிப் பேர் தேறுவதில்லை என்று எஸ்டேட்டில் ஒருவன் சொன்னபோது ஜீவாவுக்கு அவனைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. ஏதாவது ஒரு கோளாறு கிடைத்தால் போதும். "ஆசைப்பட்டேன், உடம்பு ஒத்துழைக்கல," என்று ஊர் முழுக்கச் சொல்லலாம். அனுதாபமும் கிடைக்கும், மனையும் மிஞ்சும். வெயிலில் விளையாடிய உடம்பு, எஸ்டேட் இரைச்சல் கேட்ட காது, ராத்திரி முழுக்கப் போனைப் பார்த்த கண், இதில் எதுவுமா கெட்டிருக்காது என்று நம்பிப் போனான்.

எதுவும் கெட்டிருக்கவில்லை. வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களை எல்லாம் கண் துரோகி போலப் பிடித்துச் சொன்னது. காதுக்குள் கேட்ட கீச்சு ஒன்றையும் விடவில்லை. இதயப் படத்தை டாக்டர் நீட்டிப் பார்த்தபோது அவன் கடைசி நம்பிக்கையோடு, "ஏதாச்சும் இருக்கா சார்?" என்றான்.

"ஒண்ணும் இல்லப்பா, பயப்படாத. எல்லாம் நார்மல்," என்று அவர் முதுகில் தட்டினார். உலகத்திலேயே அந்தச் செய்தியைக் கேட்டு முகம் வாடிய ஒரே நோயாளி அவனாகத்தான் இருப்பான். அவன் நோயாளியும் இல்லை என்பதுதான் சங்கடம். வெளியே வந்து நின்று அம்மாவின் கேரட்டை மனதாரச் சபித்தான்.

வீட்டில் இனிப்பு வாங்கினார்கள். மனையைப் பார்த்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு. விமானப் பயிற்சிப் பள்ளிக்காரர்கள், சேர்வதற்கு முன் ஒருமுறை சின்ன விமானத்தில் பறந்து பார்க்கலாம் என்று சனிக்கிழமைக்கு வரச் சொன்னார்கள். சரி, அங்கேயாவது வாந்தி எடுத்துவிடுவோம் என்று ஜீவா கிளம்பினான். விடியற்காலையில், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அம்மா தடுத்தும் கேட்காமல், வேண்டுமென்றே பூரியும் கிழங்கும் நிறையச் சாப்பிட்டான்.

ஊரெல்லாம் தாண்டி, கருவேல மரங்களுக்கு நடுவே ஒரு ஓடுதளம். பக்கத்தில் வயல்கள். விமானம் என்று காட்டியது ஷேர் ஆட்டோவுக்கு இறக்கை கட்டினாற்போல் இருந்தது. உள்ளே இரண்டே இருக்கை. சொல்லிக்கொடுக்க வந்த பவ்யாவுக்கு அவனைவிட வயது குறைவு. அவள் கையில் பெட்டி எதுவும் இல்லை. ஜீன்ஸ் முட்டியில் கிரீஸ் கறை இருந்தது.

"ஏன் சார் பைலட் ஆகணும்னு நினைக்கிறீங்க?" என்று இறக்கையைச் சுற்றி வந்து சோதித்துக்கொண்டே கேட்டாள்.

பெட்டி என்று சொல்ல முடியுமா. "சின்ன வயசுலேர்ந்து கனவு மேடம்," என்றான். "நீங்க?"

"எனக்குப் பிடிக்கும்," என்றாள். "மழை வந்து நாலு நாள் பறக்கலன்னா எங்க வீட்ல என்னை வச்சுச் சமாளிக்க முடியாது." அதற்கு மேல் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை போலிருந்தது.

கிளம்பினார்கள். தரை நழுவியது. வயிறு புரளும் என்று ஜீவா காத்திருந்தான். புரளவில்லை. பூரி அதன் பாட்டுக்குச் செரித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச உயரம் போனதும், "இப்ப உங்க கையில," என்று அவள் ஒப்படைத்தாள். இடது பக்கம் திருப்பச் சொன்னாள், திருப்பினான். நேராக வைக்கச் சொன்னாள், வைத்தான். தினமும் நுணுக்கமாக அளக்கிற கை, நடுங்கவில்லை. "கை நல்லாவே இருக்கு உங்களுக்கு," என்று அவள் வேறு சொல்லிவிட்டாள். எல்லாருமாகச் சேர்ந்து அவனைத் தேர்ச்சி பெற வைப்பது என்று கங்கணம் கட்டியிருந்தார்கள்.

ஜீவா கீழே பார்த்தான். வயலில் நாலைந்து பேர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் அண்ணாந்து பார்த்தாலும் போதும், கை காட்டலாம் என்று கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்தான். ஒருவரும் பார்க்கவில்லை. அவர்களுக்கு இது தினம் கேட்கிற சத்தம். அப்படியே பார்த்திருந்தாலும், இந்த உயரத்திலிருந்து அது அவனுக்குத் தெரிந்திருக்காது. மேலே வந்தபின் பார்ப்பதற்கு ஆளே இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. மிச்சம் இருந்தது வானம் ஒன்றுதான். அதைப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்தும் அதேபோல் நன்றாக இருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் மேடம்?" என்றான். கேட்ட பிறகுதான் தெரிந்தது, எஸ்டேட்டில் மாதாந்திரக் கூட்டம் நீளும்போது அவன் பக்கத்து ஆளிடம் கேட்கிற அதே குரல்.

பவ்யா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "இதை நிறையப் பேர் கேப்பாங்க, பயத்துல. உங்களுக்குப் பயமே இல்ல சார். உங்களுக்கு போர் அடிக்குது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஆச்சரியமாகச் சொன்னாள். ஜீவாவுக்குக் காது வரை சூடேறியது. இத்தனை பேரைக் கிளப்பிவிட்டு, ஒரு மனுஷனின் மண்ணை விலை பேச வைத்துவிட்டு, வானத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

திரும்புகிற பஸ்ஸில் வழியெல்லாம் வசனம் தயாரித்தான். போரடித்தது என்றா போய்ச் சொல்ல முடியும்? அவன் தயாரித்த வசனத்தில் அவன் ஒரு தியாகி. அப்பாவின் நிலத்தைக் காப்பாற்றுவதற்காகத் தன் கனவைத் துறக்கும் பிள்ளை. பூந்தமல்லி வந்து சேர்வதற்குள் அந்தப் பிள்ளையை நினைத்து அவனுக்கே கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை வீராசாமி வெளிச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்கு முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். மனை வாங்குகிறவர் வருவதற்குள் முகத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று. ஒரு கன்னம் முடிந்திருந்தது, மறுகன்னத்தில் நுரை.

"நைனா, மனைய விக்க வேணாம்," என்று ஜீவா ஆரம்பித்தான்.

"ஏன், ஆளு செரியில்லியா?"

"அது இல்ல. நீ கஸ்டப்பட்டு வாங்குன எடம். எனுக்காக அத்த விக்கிறதுக்கு மனசு ஒப்பல. பைலட்டு ஆசய நான் வுட்டுக்குடுத்துர்றேன்."

குரல் சரியான இடத்தில் தழுதழுத்தது. வீராசாமி கண்ணாடியிலேயே அவனைப் பார்த்தார்.

"மனைக்காகவா வுட்ற?"

"ஆமா நைனா."

"அப்ப வுடாத. மனை போனா போவுது. போய் படி."

ஜீவாவின் வசனத்தில் இந்தப் பதில் இல்லை.  உன் வயது, நாளைக்கு ஒரு அவசரம், அக்காவுக்கும் அதில் பாத்தியதை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். வீராசாமி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு ரேஸரை டப்பாத் தண்ணீரில் அலசினார்.

"என் தலைல போடாதடா," என்றார் கடைசியில். "நாளிக்கு நாலு பேரு, மண்ணுக்கு ஆசப்பட்டு புள்ள படிப்ப கெடுத்தான்னு என்னியதான் சொல்லுவான். மண்ண நான் பாத்துக்கறேன். உனுக்கு இன்னா, அத்த சொல்லு."

தியாகி அந்த இடத்திலேயே செத்துப்போனான். மிச்சம் நின்றவனிடம் சொல்ல ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது.

"எனுக்குப் புடிக்கல நைனா."

"பயமா கீதா?"

"பயம் இல்ல. ஏறிப் பாத்தேன். புடிக்கல."

வீராசாமி மீதிக் கன்னத்தை நிதானமாக வழித்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஜீவா நின்றான். பேனரை வைத்து நாலு கேள்வி கேட்டாலும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தான்.

"நாத்து நட்டனே, புடிச்சா நட்டேன்?" என்றார் அவர், கண்ணாடியைப் பார்த்து, அவனிடம் சொல்வதுபோல் இல்லாமல். "சூளைல கல்லு அறுத்தேன், புடிச்சா அறுத்தேன்? உங்கம்மா நாலு ஊட்ல பாத்தரம் தேச்சா. எங்கப்பன், அவுங்கப்பன், ஒர்த்தனும் ஒரு வேலய எனுக்குப் புடிக்கலன்னு சொன்னதில்ல. அப்டி சொல்லலாம்னே தெரியாது. நம்ம ஊட்ல நீதாண்டா மொத ஆளு."

இது திட்டா, வேறு எதுவுமா என்று ஜீவாவுக்குப் புரியவில்லை. அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார், கொஞ்சம் அதிக நேரமே துடைத்தார். துண்டை எடுத்தபோது முகத்தில் கோபம் இல்லை.

"எனுக்கு ஆசயா இருந்திச்சு," என்றார். "ரொம்ப ஆசயா இருந்திச்சு. செரி, பரவால்ல."

பிறகு ஜன்னல் விளிம்பில் இருந்த போனை எடுத்து, புரோக்கரின் எண்ணைத் தேடி அழுத்தினார். எதிர்முனையில் அவன் ஏதோ கத்துவது ஜீவாவுக்கே கேட்டது. பொறுமையாகக் கேட்டுவிட்டு வீராசாமி சொன்னார்: "இல்லபா, ரேட்டு பிரச்சன இல்ல. குடுக்கல, அவ்ளோதான். எம் புள்ளைக்கு அந்த வேல புடிக்கல."

அதை அவர் சொன்ன விதத்தில் வருத்தம் இருந்தது. கூடவே, வாழ்நாளில் முதல்முறையாக ஒரு விலையுயர்ந்த பொருளை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிறவனின் மிடுக்கும் இருந்தது. ஜீவா தன்னைப் பற்றி ஏதாவது நக்கலாக நினைத்துக்கொள்ளப் பார்த்தான். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. பஸ்ஸில் கலங்கிய கண் பொய், இப்போது கலங்குவது நிஜம் என்று மட்டும் தெரிந்தது. முகம் கழுவப் போவதுபோல் குழாயடிக்குப் போய், வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான்.